டீசல் 5 ரூபாய் ஏறினால் தக்காளி எவ்வளவு ஏறணும்? சேலத்துக்கு ஒரு வீட்டுக் கணக்கு

"டீசல் ஏறிப்போச்சுங்க." பள்ளி வேன்காரர், ஆட்டோக்காரர், காய்கறிக் கடைக்காரர், எம்சாண்ட் இறக்குபவர் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். சிலர் சொல்வது முழு நியாயம். சிலர் கேட்கும் பணத்தில் டீசலின் பங்கு சில பைசாதான். எது எந்த ரகம் என்று பிரிக்க மூன்று எண்கள் போதும்: வண்டி போக வர எத்தனை கிலோமீட்டர், லிட்டருக்கு எவ்வளவு ஓடும், அந்தச் செலவு எத்தனை கிலோ அல்லது எத்தனை பேர் தலையில் விழுகிறது.

தூரத்தை மைலேஜால் வகுத்தால் லிட்டர் வரும். அதை விலையேற்றத்தால் பெருக்கி, கிலோவாலோ ஆட்களாலோ வகுத்துவிட வேண்டியதுதான். வண்டி காலியாகத் திரும்பினால் இரு வழித் தூரத்தையும் போடுங்கள். ரிட்டர்ன் லோடு கிடைக்கிற வண்டியென்றால் ஒரு வழி போதும். கீழே எல்லா இடத்திலும் ஏற்றம் 5 ரூபாய், விலை லிட்டருக்கு 100 ரூபாய் என்று வைத்திருக்கிறோம். உங்கள் பங்க்கில் அன்றைக்கு என்ன விலையோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தக்காளியில் டீசல் எவ்வளவு?

பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்குத் தக்காளி வருகிறது. தூரம் சுமார் 90 கி.மீ., போக வர 180. நாலு டன் ஏற்றும் வண்டி லிட்டருக்கு 8 கி.மீ. கொடுத்தால் 22.5 லிட்டர் ஆகும். 5 ரூபாய் ஏறினால் கூடுதல் செலவு 112 ரூபாய் 50 காசு. அதை 4,000 கிலோவுக்குப் பங்கு போட்டால் கிலோவுக்கு 3 பைசாகூட வராது. பழைய வண்டி, மைலேஜ் 6, லோடு இரண்டரை டன் என்று வைத்தாலும் 6 பைசாதான். ஏற்றத்தை விடுங்கள், அந்த நாலு டன் வண்டியில் மொத்த டீசல் செலவே கிலோவுக்கு 56 பைசா.

பிறகு கடையில் கிலோவுக்கு 5 ரூபாய் எப்படி ஏறுகிறது? பெரும்பாலும் வரத்து குறைந்திருக்கும், மழை பெய்திருக்கும். அதற்கடுத்த காரணம் ரவுண்டு பண்ணுவது. லாரி வாடகை நூறு நூறாகத்தான் ஏறும். மண்டியில் பெட்டிக்கு ஐந்து ரூபாயாக ஏறும். சில்லறைக் கடையில் கிலோவுக்கு ஐந்து ரூபாய்க்குக் கீழே யாரும் ஏற்றுவதில்லை. ஒவ்வொரு கை மாறும்போதும் பைசா ரூபாயாகி, ரூபாய் ஐந்தாகிறது. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தொப்பூர் சுங்கச்சாவடிக் கட்டணம், டயர், இன்சூரன்ஸ் என்று முன்பே ஏறியும் வாடகையில் சேர்க்காமல் விட்டதையெல்லாம் டீசல் ஏறுகிற அன்றைக்குச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. கேட்பதற்கு ஒரு நாள் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதைச் சமாளிக்க வழி, ரவுண்டு பண்ணும் இடங்களைக் குறைப்பது. சூரமங்கலம், தாதகாப்பட்டி, அம்மாபேட்டை, அஸ்தம்பட்டி உழவர் சந்தைகளில் அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். அந்தப் பலகை விலையையும் உங்கள் தெருக்கடை விலையையும் ஒரே நாளில் குறித்து வையுங்கள். டீசல் ஏறுவதற்கு முந்தைய வாரத்தில் இடைவெளி கிலோவுக்கு 8 ரூபாயாக இருந்து, இப்போது 13 ஆகியிருந்தால் அந்த 5 ரூபாய் தெருவில் ஏறியது. பலகை விலையே ஏறியிருந்தால் விளைச்சலில் ஏறியது, கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. வெங்காயம், உருளை, பூண்டு மாதிரி கெடாத சாமானைக் கால் கிலோ, அரை கிலோவாக வாங்குகிறவர்கள்தான் ரவுண்டு பண்ணுவதில் அதிகம் இழக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு முறை லீ பஜாரிலோ செவ்வாய்ப்பேட்டையிலோ மொத்தமாக எடுத்து இரண்டு மூன்று வீடுகள் பிரித்துக்கொண்டால் அந்த இழப்பு இல்லை. ஆனால் அதற்காகத் தனியாக ஸ்கூட்டரில் பத்து கிலோமீட்டர் போய் வந்தால், மிச்சம் பெட்ரோலுக்குச் சரியாகிவிடும்.

மளிகையில் ஒரு விதிவிலக்கு சமையல் எண்ணெய். கச்சா எண்ணெய் ஏறும்போது பாமாயிலை டீசலுக்குப் பதிலாக எரிக்கும் தேவை உலகச் சந்தையில் கூடுகிறது. அதனால் லாரி வாடகையைத் தாண்டியும் அதன் விலை ஆடும். பிளாஸ்டிக் பொருள்கள், டயர், தார் எல்லாம் கச்சா எண்ணெயிலிருந்தே வருவதால் அவையும் தாமதமாக ஏறும்.

வேன் கட்டணம்: பேசிப் பார்க்க வேண்டிய இடம்

குடும்பச் செலவில் டீசல் நேராக வந்து அடிப்பது இங்கேதான். ஒரு வேன் காலையும் மாலையும் சேர்த்து 40 கி.மீ. ஓடுகிறது, நின்று நின்று போவதால் மைலேஜ் 8 என்றால் நாளைக்கு 5 லிட்டர். 22 பள்ளி நாளுக்கு 110 லிட்டர். 5 ரூபாய் ஏற்றத்துக்குக் கூடுதல் செலவு 550 ரூபாய். 12 பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு 46 ரூபாய். வேன்காரர் 50 கேட்டால் தயங்காமல் கொடுங்கள். 200 கேட்டால் இந்தக் கணக்கை அவரோடு உட்கார்ந்து போடுங்கள். "அண்ணா, டீசலுக்கு அம்பது சரிங்க, மீதி எதுக்குங்க?" என்று கேட்டால் எப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், டிரைவர் சம்பளம் என்று உண்மையான காரணம் வெளியே வரும். அதை ஏற்பதும் மறுப்பதும் வேறு பேச்சு. பிள்ளைகளைக் கூடுதலாக அடைத்து விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். சில பெற்றோர் சொல்கிறார்கள், அது மிச்சம் பிடிக்கிற வழியல்ல.

இன்னொன்று. ஏற்றம் ஒரு வழிப் பாதை. 2022 மே மாதம் ஒன்றிய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 8 ரூபாயும் டீசலுக்கு 6 ரூபாயும் குறைத்தது. அந்த ஜூனில் எத்தனை வேன் கட்டணம் இறங்கியது என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே கூட்டிக் கொடுக்கும்போதே "இன்றைய டீசல் விலை இவ்வளவு, இதற்கு 5 ரூபாய் குறைந்தால் 50 ரூபாய் கழியும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு, சரி என்று பதில் வாங்கிவிடுங்கள்.

ஆட்டோவில், சவாரியும் காலி ஓட்டமுமாக நாளைக்கு 100 கி.மீ., மைலேஜ் 25 என்றால் 4 லிட்டர். கூடுதல் செலவு 20 ரூபாய், பத்து சவாரிக்குச் சவாரிக்கு 2 ரூபாய். கேட்பது பத்தும் இருபதுமாக இருக்கும், ஏனென்றால் ஆட்டோவில் பத்துக்குக் கீழே பேச்சே கிடையாது. அரசு பஸ் கட்டணம் 2018 ஜனவரியில் உயர்ந்தது. அதன்பின் டீசல் எத்தனையோ முறை ஏறியும் ஆண்டுக்கணக்கில் அதே கட்டணம்தான் ஓடியது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. வாரத்தில் இரண்டு ஆட்டோ சவாரியை டவுன் பஸ்ஸுக்கு மாற்றினால் கிடைக்கும் மிச்சம், வேன் ஏற்றத்தைப் பல மடங்கு ஈடுகட்டும்.

உங்கள் பைக்: விலையை விட்டுவிட்டு லிட்டரைப் பாருங்கள்

ஓமலூரிலிருந்து சேலத்துக்கு வேலைக்கு வருபவர் நாளைக்கு 30 கி.மீ., 26 நாளில் 780 கி.மீ. ஓட்டுகிறார். மைலேஜ் 45 என்றால் 17.3 லிட்டர். 5 ரூபாய் ஏற்றத்தால் மாதம் 87 ரூபாய் கூடும். அதே வண்டியின் மைலேஜ் கவனிப்பில்லாமல் 38-க்கு இறங்கினால் 20.5 லிட்டர் ஆகிறது. கூடுதல் 3.2 லிட்டர், அதாவது 320 ரூபாய். விலையேற்றத்துக்குப் புலம்புகிற பலர், அதைப்போல மூன்றரை மடங்கைக் காற்றில்லாத டயரிலும் காய்ந்த செயினிலும் விடுகிறார்கள்.

முதலில் உண்மையான மைலேஜைக் கண்டுபிடியுங்கள். பங்க்கில் மெயின் ஸ்டாண்ட் போட்டு, நாசில் தானாக முதல் தடவை நிற்கும்வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 200 கி.மீ.க்குக் குறையாமல் ஓட்டிவிட்டு, அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். ஒரு முறை சைடு ஸ்டாண்டில் சாய்த்து, மறுமுறை நிமிர்த்தி நிரப்பினால் அரை லிட்டர்வரை கணக்குத் தப்பும். "நூறு ரூபாய்க்குப் போட்டேன், ரிசர்வ் வந்துவிட்டது" என்ற கணக்கு எதற்கும் உதவாது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் சக்தி கொஞ்சம் குறைவு. எத்தனாலில் ஒரு லிட்டருக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் சில சதவீதம் இறங்குவது வண்டியின் கோளாறு அல்ல. அதைத் தாண்டி இறங்கினால் இந்த வரிசையில் பாருங்கள்:

- டயர் காற்று. 100–125 சிசி வண்டிகளில் ஒருவர் ஓட்டினால் முன்னால் 25, பின்னால் 28–29 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய அளவு செயின் கவரிலோ கையேட்டிலோ ஒட்டியிருப்பார்கள். டயர் சூடாவதற்கு முன், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை.
- பிரேக் பிடித்தபடியே இருக்கிறதா. மெயின் ஸ்டாண்டில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இரண்டு சுற்றாவது தானாகச் சுற்ற வேண்டும். சட்டென நின்றால் பிரேக்கைத் தளர்த்துங்கள்.
- செயின். நடுவில் விரலால் தூக்கினால் 20–30 மி.மீ. ஆட வேண்டும். இறுக்கமாகக் கட்டுவது, தளர்வாக விடுவதைவிட மோசம்.
- ஏர் ஃபில்டர். குவாரி ரோட்டிலோ செங்கல் சூளைப் பக்கமோ ஓடும் வண்டிக்குச் சர்வீஸ் புத்தகம் சொல்லும் தூரத்தில் பாதியிலேயே அடைத்துவிடும்.

பங்க்கில் அளவு சந்தேகமாக இருந்தால் அங்கேயே முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைக் கேன் இருக்க வேண்டும். கேட்டால் அளந்து காட்டியாக வேண்டும். 5 லிட்டருக்கு 25 மி.லி.க்கு மேல் குறையக் கூடாது. குறைந்தால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம். விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் அதிகம் கிடைக்கும் என்பது கட்டுக்கதை. தொட்டி பூமிக்கடியில் இருக்கிறது, அதன் வெப்பம் பகலுக்கும் இரவுக்கும் அதிகம் மாறாது.

ஏறப்போகிறது என்ற செய்தி கேட்டு இரவில் வரிசையில் நிற்பதும் வீண். 2017 ஜூன் 16 முதல் விலை தினமும் காலை 6 மணிக்கு மாறலாம் என்பது ஏற்பாடு. 2022 மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரை 14 முறை ஏறியபோதுகூட ஒரு நாளைய ஏற்றம் பெரும்பாலும் 80 பைசாவை ஒட்டித்தான் இருந்தது. 10 லிட்டர் டேங்க்குக்கு மிச்சம் 8 ரூபாய். தமிழ்நாட்டு வாட் வரி பெட்ரோலுக்கு 13 சதவீதமும் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும்; டீசலுக்கு 11 சதவீதமும் 9 ரூபாய் 62 காசும். பாதி நிலையான தொகை, பாதி சதவீதம். ஆகவே அடிப்படை விலை 1 ரூபாய் ஏறினால் பங்க்கில் பெட்ரோல் 1.13, டீசல் 1.11 ஏறும்.

சிலிண்டரும் குளியல் தண்ணீரும்

வீட்டு சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ. சிலிண்டரின் மேல் வளையத்தில் வெறும் எடை பொறித்திருக்கும். 15.6 என்றிருந்தால் மொத்தம் 29.8 கிலோ இருக்க வேண்டும். டெலிவரி ஆளிடம் தராசு இருக்க வேண்டும், கேட்டு எடை போட்டு வாங்குங்கள். பில்லில் உள்ளதற்கு மேல் கொடுப்பது உங்கள் விருப்பம், கடமையல்ல.

சமையலில் மிச்சம் பிடிக்க எல்லோருக்கும் தெரியும்: பருப்பை ஊறவைப்பது, விசில் வந்ததும் சிம்மில் வைப்பது, மூடி போடுவது. பலரும் கணக்கில் எடுக்காதது குளிக்கிற வெந்நீர். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க, அடுப்பில் பாதி வெப்பம் வீணாவதையும் சேர்த்தால் சுமார் 55 கிராம் கேஸ் ஆகும். நாலு பேர், முப்பது நாள் என்றால் 6.6 கிலோ. கிட்டத்தட்ட அரை சிலிண்டர் குளியலறைக்குப் போகிறது. ஏற்காட்டில் மார்கழித் தண்ணீர் 15 டிகிரியில் இருந்தால் அதே குளியலுக்கு மாதம் 10 கிலோ. அங்கே சிலிண்டர் மூன்று வாரத்தில் தீர்ந்துபோக இதுவே முதல் காரணம். ஒரு வாளிக்கு மின்சாரம் சேலத்தில் 0.4 யூனிட்டுக்குள், ஏற்காட்டில் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்தான். ஹீட்டர் ராடு போட்டால் எர்த் உள்ள பிளக், ராடு முழுகிய பின்பே ஸ்விட்ச், அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பின்பே கை. இதில் சமரசம் வேண்டாம்.

இண்டக்ஷனுக்கு மாறலாமா என்பதற்கும் ஒரு எல்லைக் கணக்கு உண்டு. ஒரு முழு சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்ஷன் சுமார் 125 யூனிட்டில் செய்யும். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் 625 ரூபாய். சிலிண்டர் அதைவிட அதிகமாக விற்கும்வரை இண்டக்ஷன் லாபம். ஆனால் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 101 முதல் 200 வரையுள்ள 100 யூனிட்டுக்கான மலிவு விலை ஒரேயடியாகப் போய்விடும், மேலே வரும் யூனிட்டும் கடும் விலை. கோடையில் ஏசி ஓடும் வீடு அந்த மாதங்களில் கேஸிலேயே சமைக்கட்டும். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால்தான் இண்டக்ஷனில் சூடாகும். அலுமினியம், ஈயச்சொம்பு, மண்சட்டி எதுவும் ஆகாது.

டீக்கடை, மெஸ் எல்லாம் 19 கிலோ வணிக சிலிண்டரில் ஓடுகின்றன. அதற்கு 100 ரூபாய் ஏறியதாகவும், இரண்டு நாள் 400, 400 டீக்கு வருவதாகவும் வைத்தால் டீக்குப் பன்னிரண்டரை பைசா. 2 ரூபாய் ஏற்றினால் அதில் பால் விலையும் மாஸ்டர் கூலியும்தான் அதிகம்.

மலை ஏறுகிறவர்களுக்கு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் 30 கி.மீ., அதில் 20 கொண்டை ஊசி வளைவு. 600 கிலோ காய்கறி ஏற்றிய சின்ன யானை (மினி லோடு வண்டி) போக வர 60 கி.மீ.க்குச் சராசரி 10 மைலேஜ் கொடுத்தால் 6 லிட்டர். கிலோவுக்கு டீசல் 1 ரூபாய், 5 ரூபாய் ஏற்றத்தின் பங்கு 5 பைசா. ஊரைத் தாண்டி உள் கிராமத்துக்கு ஜீப்பில் 150, 200 கிலோ போகும் இடத்தில் இது மூன்று நாலு மடங்காகும். அங்கே பத்து வீடு சேர்ந்து வாரம் ஒரே லோடாக வரவழைப்பதுதான் வழி. கீழே இறங்கும்போது காப்பி மூட்டையோ மிளகோ ஏற்றுகிற வண்டியாகப் பார்த்தால் வாடகையில் பேச இடம் கிடைக்கும்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நினைப்பது ஆபத்து மட்டுமல்ல, தப்பும்கூட. எரிபொருள் இஞ்செக்ஷன் உள்ள வண்டியில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருள் முழுதாக நிற்கும். நியூட்ரலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கத் தனியாக எரியும். எஞ்சினை அணைத்தால் காரில் பிரேக் பூஸ்டர் செத்து, மிதி கல்லாகிவிடும். ஏறிய அதே கியரில் இறங்குங்கள்.

வீடு கட்டுகிறவர்கள், உழவு ஓட்டுகிறவர்கள்

எடை அதிகம், கிலோ விலை குறைவு: எம்சாண்ட், ஜல்லி, செங்கல், தண்ணீர் லாரி. டீசல் அழுத்தமாகத் தெரியும் சரக்குகள் இவைதான். 3 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) ஏற்றும் டிப்பர் 40 கி.மீ. தூரத்துக் குவாரியிலிருந்து வந்தால் போக வர 80, மைலேஜ் 4, 20 லிட்டர். லோடுக்கு 100 ரூபாய், யூனிட்டுக்கு 33 ரூபாய். குவாரியில் ஓடும் இயந்திரங்களின் டீசலையும் சேர்த்து யூனிட்டுக்கு 50, 60 கேட்டால் ஒத்துக்கொள்ளலாம். கிட்டத்துக் குவாரியாகத் தேடினால் ஏற்றம் மட்டுமல்ல, அடிப்படை வாடகையே இறங்கும். உழவு டிராக்டர் ரொட்டவேட்டரோடு மணிக்குச் சுமார் 6 லிட்டர் குடிக்கும், ஆக மணிக்கு 30 ரூபாய். ஜேசிபியும் ஏறக்குறைய அதே அளவுதான். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளுக்குப் பெரிய செலவே டீசல். அங்கே அடிக்கு ஏறும் ரேட்டை ஏற்றுக்கொண்டு, எத்தனை அடிக்கு மேல் ரேட் மாறுகிறது, கேசிங் பைப் தனியா என்பதை வண்டி வருமுன் எழுதி வாங்குங்கள்.

மேஸ்திரியோடு போடும் ஒப்பந்தத்தில் "டீசல் ஏறினால் கூடுதல்" என்று பொதுவாக எழுதவிடாதீர்கள். கையெழுத்துப் போடும் நாளின் டீசல் விலையைக் குறித்து, அதற்கு மேல் லிட்டருக்கு 5 ரூபாய் கூடினால் மண், ஜல்லி லோடு ஒன்றுக்கு 100 ரூபாய், குறைந்தால் அதே 100 கழிவு என்று எழுதுங்கள். எத்தனை லோடு இறங்கியது என்பதற்கு டிரிப் சீட்டை வீட்டுக்காரர் கையில் வாங்கி வைக்க வேண்டும். சீட்டு இல்லாத லோடுக்குக் கூடுதல் கிடையாது.